ரோபோ திட்டத்துக்கு ஏற்ற சிமுலேஷன் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தச் சிமுலேட்டர் (ரோபோவைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர்கள் வரும். அவரவர் வேலைக்கு எது பொருந்தியதோ அதைச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் வேலை வேறு. நடக்கும் நான்குகால் ரோபோவுக்குப் பொருந்திய மென்பொருள், கிடங்கில் பெட்டி நகர்த்தும் சக்கர ரோபோவுக்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் கிடையாது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிமுலேட்டர்களும் இயற்பியலில் எங்கோ ஓர் இடத்தில் குறுக்குவழி எடுக்கின்றன. வேகமாக ஓட வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஒன்று உராய்வைத் தோராயமாக்குகிறது, இன்னொன்று பொருள்கள் மோதும் வடிவத்தை எளிதாக்கிக்கொள்கிறது, மூன்றாவது ஒளியையும் நிழலையும் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் கேள்விக்கான விடையைக் கெடுக்காத குறுக்குவழி எதில் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கான மென்பொருள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

மென்பொருள் பெயர் எதையும் பார்ப்பதற்கு முன்னால், சிமுலேஷன் உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "ரோபோவைச் சோதிக்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "80 செ.மீ. கதவு வழியாக வண்டி முட்டாமல் போகுமா?", "கிரிப்பர் (ரோபோக் கையின் பிடிப்பான்) பிடித்த பாட்டில் கை வேகமாகத் திரும்பும்போது நழுவுமா?", "லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) தரவு அரை நொடி வராமல் போனால் என் நிரல் வண்டியை நிறுத்துமா?" இவை கேள்விகள்.

எழுதி முடித்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. இவற்றில் எதற்கெல்லாம் சிமுலேட்டரே தேவையில்லை என்று பாருங்கள். அரை மீட்டர் நீளக் கையின் நுனியில் 1 கிலோ எடையைத் தூக்க, தோள் மோட்டாருக்கு எவ்வளவு முறுக்குவிசை வேண்டும்? நிறை, புவியீர்ப்பு, நீளம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4.9 நியூட்டன் மீட்டர். அதோடு கையின் சொந்த எடைக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தது. கை எட்டுமா, எட்டாதா என்பதற்குச் சின்னப் பைத்தான் நிரல் போதும். மைக்ரோகன்ட்ரோலரில் (ஒரே சில்லில் அடங்கும் சிறு கணினி) சென்சாரைப் படிக்கும் நிரலைச் சோதிக்க, உலாவியிலேயே ஓடும் வோக்வி போதும். ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற பலகைகளை அதில் போலச் செய்யலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய முப்பரிமாணச் சிமுலேட்டரை நிறுவி ஒரு வாரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படி 2: எந்த மென்பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். ராஸ், ஆர்விஸ், கஸீபோ, மூவ்இட், விஎஸ் கோட் (நிரல் எழுதும் கருவி) எல்லாம் ஒரே பட்டியலில் வருவதால், ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

ராஸ் 2 என்பது ரோபோவின் நிரல் துண்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் இடைநிலை மென்பொருள். நேவ்2, மூவ்இட் 2 இரண்டும் அதன்மேல் ஓடுபவை. முதலாவது வண்டிக்கு வழி காட்டும், இரண்டாவது கையின் அசைவைத் திட்டமிடும். கஸீபோ, வெபாட்ஸ், முஜோகோ போன்றவை உலகத்தைப் போலச் செய்பவை. ஆர்விஸ் சிமுலேட்டரே அல்ல, அது வெறும் காட்சிக் கருவி. ரோபோ தன் மனதில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஆர்விஸ் காட்டும். உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கஸீபோ காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். பாதிப் பிழைகள் அந்த வேறுபாட்டிலேயே கண்ணில் படும்.

படி 3: ராஸ் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

பல சென்சார்கள், வரைபடம், வழிகாட்டல், கை அசைவு எல்லாம் சேர்ந்த ரோபோ என்றால் ராஸ் 2 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மைக்ரோகன்ட்ரோலரில் அடங்கிவிடும் கோடு தொடரும் வண்டி என்றால் வேண்டாம். கற்றுக்கொள்வதற்கு ஆகும் நேரம் திட்டத்தைவிடப் பெரிதாகிவிடும். நடை பழக்கும் வலுவூட்டல் கற்றல் (முயன்று, தவறி, தானே கற்கும் முறை) ஆராய்ச்சி என்றால், பயிற்சிக் கட்டத்தில் ராஸ் தேவைப்படாது, கற்ற மூளையை உண்மை ரோபோவில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராஸ் எடுப்பதென்றால் பதிப்புப் பொருத்தத்தில் கண்டிப்பாக இருங்கள். முதல் தலைமுறை ராஸின் கடைசிப் பதிப்பான நொயட்டிக்குக்கு 2025 மே மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. புதிய திட்டத்தை அதில் தொடங்காதீர்கள். உங்கள் லினக்ஸ் இயங்குதளம் உபுண்டு 22.04 என்றால் ராஸ் 2 ஹம்பிள், அதற்குக் கஸீபோ ஃபோர்ட்ரஸ். உபுண்டு 24.04 என்றால் ராஸ் 2 ஜாஸி, அதற்குக் கஸீபோ ஹார்மோனிக். ஹம்பிளுக்கு 2027 மே வரை ஆதரவு உண்டு, ஜாஸிக்கு 2029 மே வரை. இந்த ஜோடிகளைக் கலந்து நிறுவுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் அதற்குத் தரும் உழைப்பு உங்கள் ரோபோவுக்குப் போய்ச் சேராது.

இன்னொரு பொறி, பழைய பாடங்கள். கஸீபோ என்ற பெயரில் இரண்டு மென்பொருள்கள் இருந்திருக்கின்றன. பழையது இப்போது கஸீபோ கிளாசிக் எனப்படுகிறது. அதன் கடைசிப் பதிப்பான 11-க்கு 2025 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. புதியது சில ஆண்டுகள் இக்னிஷன் என்ற பெயரில் இருந்து, 2022-இல் மறுபடியும் கஸீபோ ஆனது. ஒரு பாடத்தில் இக்னிஷன் என்ற சொல்லோ கஸீபோ 11 என்ற எண்ணோ வந்தால், அதன் கட்டளைகளும் செருகுநிரல்களும் ஹார்மோனிக் போன்ற புதிய பதிப்புகளில் அப்படியே ஓடாமல் போகலாம். பாடத்தின் தேதியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

படி 4: கேள்விக்கு ஏற்ற சிமுலேட்டரைப் பொருத்துங்கள்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும்.

சக்கர வண்டி, லைடார், வழிகாட்டல், பல ரோபோக்கள் ஒரே இடத்தில்: இதற்குக் கஸீபோ. ராஸ் 2-உடன் நன்றாக இணைந்தது, உதாரணங்கள் நிறைய, சென்சார்களுக்கு இரைச்சல் (நிஜத்தில் வரும் அளவீட்டுப் பிழை) சேர்க்கும் வசதி உண்டு. பலவீனம் என்னவென்றால், முதல் முறை அமைப்பது எளிதல்ல. ரோபோவையும் உலகத்தையும் விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதல் முறையாகக் கற்பவருக்கும், ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லித்தருபவருக்கும் நான் தயங்காமல் வெபாட்ஸைச் சொல்வேன். 1996-இல் சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல் நிறுவனத்தில் தொடங்கியது, 2018-இல் திறமூலமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆயத்த ரோபோ மாதிரிகள் உள்ளேயே இருக்கின்றன, பைத்தானிலோ சி-யிலோ கட்டுப்பாட்டு நிரலை எழுதி உடனே ஓட்டலாம். நிறுவிய அன்றே ஒரு ரோபோவை நகர்த்திப் பார்த்துவிடலாம் என்பது சின்ன விஷயமில்லை. கற்பவரின் ஆர்வம் உயிரோடு இருப்பது அதனால்தான்.

தொடுதல்தான் உங்கள் கேள்வியின் மையம் என்றால், அதாவது பிடித்தல், நடத்தல், தள்ளுதல் என்றால், முஜோகோவைப் பாருங்கள். 2021-இல் கூகுள் குழுமத்தின் டீப்மைண்ட் அதை வாங்கி இலவசமாக்கியது, 2022-இல் திறமூலமாக்கியது. வேகமானது, பைத்தானில் நேரடியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் குறுக்குவழிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது, மெஷ் வடிவங்களை (சின்ன முக்கோணங்களால் ஆன முப்பரிமாண வடிவங்கள்) மோதலுக்கு அது புடைத்த உறையாக, அதாவது குழியே இல்லாத வெளி உறையாக மாற்றிவிடும். ஒரு கோப்பையின் மெஷ்ஷை அப்படியே கொடுத்தால், திரையில் கோப்பையாகத் தெரியும், மோதலில் வாய் மூடிய கட்டையாக இருக்கும். உள்ளே போட வேண்டிய பந்து மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கோப்பையைப் பல புடைத்த துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படித் தானாகப் பிரித்துத் தரும் கருவிகள் உண்டு. இரண்டாவது, அதன் தொடுதல் மென்மையானது. கிரிப்பர் இறுக்கிப் பிடித்த பொருள்கூட மெல்ல மெல்ல நழுவுவதைப் பார்க்கலாம். அதைக் குறைக்கத் தனி அமைப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் கிரிப்பர் வடிவமைப்பையே மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

கொப்பேலியாசிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு வி-ரெப் என்ற பெயரில் இருந்தது. ஒரே காட்சியை வைத்துக்கொண்டு இயற்பியல் இயந்திரத்தை (அசைவையும் மோதலையும் கணக்கிடும் மென்பொருள் பகுதி) மட்டும் மாற்றி ஓட்டலாம்: புல்லட், ஓடிஇ, முஜோகோ எனப் பல உண்டு. இது அருமையான சோதனை வழி. இயந்திரத்தை மாற்றியதும் முடிவும் மாறினால், உங்கள் கேள்விக்கான விடை உராய்வு மாதிரியைத்தான் நம்பி நிற்கிறது என்று அர்த்தம். அந்த விடையை உண்மைப் பொருளில் சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேமரா படத்தை வைத்து முடிவெடுக்கும் ரோபோ, அல்லது ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பயிற்சி தர வேண்டிய ரோபோ என்றால் என்விடியாவின் ஐசக் சிம், அதன்மேல் ஐசக் லேப். ஒளி, நிழல், பளபளப்பு எல்லாம் நிஜத்துக்கு நெருக்கமாக வரும். பழைய ஐசக் ஜிம் கைவிடப்பட்டுவிட்டது, அதற்கான பாடங்களைத் தொடர வேண்டாம். கணினித் தேவை இதில் கடுமை, அடுத்த படியில் சொல்கிறேன்.

ட்ரோன் என்றால் வேலை பாதி முடிந்தது. பிஎக்ஸ்4, ஆர்டுபைலட் என்ற ட்ரோன் மென்பொருள்கள் இரண்டிலும் விமானக் கட்டுப்பாட்டு நிரலை அப்படியே கணினியில் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பிஎக்ஸ்4 கஸீபோவோடு இணையும். மைக்ரோசாஃப்டின் ஏர்சிம்மை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் அதன் வளர்ச்சி 2022-இலேயே நிறுத்தப்பட்டது. தானோட்டிக் கார் ஆராய்ச்சிக்குக் கார்லா. கட்டுப்பாட்டுக் கணிதம்தான் மையம் என்றால் மேட்லாப், சிமுலிங்க்.

படி 5: உங்கள் கணினியையும் உரிமத்தையும் பாருங்கள்

ஐசக் சிம்முக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் வகை ஜிபியு (வரைகலை அட்டை) கட்டாயம். ஒளிக்கதிரைக் கணக்கிடும் தனிக் கருக்கள் அதில் இருக்க வேண்டும் என்பதால், ஏ100, எச்100 போன்ற விலையுயர்ந்த கணக்கீட்டு அட்டைகளில்கூட அது ஓடாது. மேகக்கணினியை வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறினால் பணம் வீண். கஸீபோவுக்கு உபுண்டுதான் சொந்த வீடு. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக ஓட்டலாம், ஆனால் வரைகலையில் சிக்கல் வரலாம். சாதாரண மடிக்கணினிதான் இருக்கிறதா? வெபாட்ஸும் முஜோகோவும் தாராளமாக ஓடும்.

உரிமத்தில் சுருக்கமாக: கஸீபோ, வெபாட்ஸ், முஜோகோ மூன்றும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருப்பதால் வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. கொப்பேலியாசிம்மின் கல்விப் பதிப்பு மாணவர்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் மட்டுமே இலவசம். மேட்லாப்பில் ஒவ்வொரு கருவித்தொகுப்புக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும். படிப்புத் திட்டம் பின்னால் தொழிலாக மாறலாம் என்றால், இதை முதல் நாளே யோசியுங்கள்.

படி 6: இரண்டை மட்டும் எடுத்து, கடினமான பகுதியைச் சோதியுங்கள்

பட்டியலை இரண்டாகக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எல்லாரும் செய்வது, கூடவே வரும் அழகான எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்ப்பது. அது ஓடத்தான் செய்யும், ஓடுவதற்காகவே செய்தது. நீங்கள் உங்கள் ரோபோவில் மிகக் கடினமான ஒரே ஒரு பகுதியை எடுத்து இரண்டிலும் போட்டுப் பாருங்கள். கிரிப்பரா, படியேறும் சக்கரமா, பளபளக்கும் பொருளைப் பார்க்கும் கேமராவா, எதுவோ அது.

அதற்கு முன் சிமுலேட்டருக்கே மூன்று சின்னத் தேர்வுகள் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் விடை முன்பே தெரியும், அதுதான் இதன் பலம். 1 மீட்டர் நீளமுள்ள ஊசலை ஆட்டிவிடுங்கள். சின்ன ஆட்டத்துக்கு ஒரு முழு அலைவு ஏறத்தாழ 2 நொடி ஆக வேண்டும். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்து ஒரு பெட்டியைச் சாய்தளத்தில் வையுங்கள், சுமார் 26.6 பாகையைத் தாண்டும்போதுதான் சறுக்க வேண்டும். அதே பெட்டியை மூலைவிட்டத் திசையிலும் சறுக்க விடுங்கள். ஓடிஇ போன்ற இயந்திரங்கள் வேகத்துக்காக உராய்வுக் கூம்பை (எல்லாத் திசையிலும் சமமான உராய்வு எல்லை) பிரமிடாக எடுத்துக்கொள்வதால், திசைக்குத் திசை விடை மாறக்கூடும். பக்கவாட்டில் சறுக்கித் திரும்பும் நான்கு சக்கர வண்டி உங்களுடையது என்றால் இந்த வேறுபாடு உங்களை நேரடியாகத் தொடும்.

அப்புறம் ரோபோ மாதிரியை ஏற்றுங்கள். இங்கே வரும் கோளாறுகள் பெரும்பாலும் நான்குதான்.

அலகு. முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்பதே கிடையாது. வடிவமைப்பு மென்பொருள் மில்லிமீட்டரில் எழுதும், ரோபோவின் பாகங்களையும் மூட்டுகளையும் விவரிக்கும் யூஆர்டிஎஃப் கோப்பு மீட்டரில் படிக்கும். ரோபோ ஆயிரம் மடங்கு பெரிதாக வந்து நிற்கும். அளவுகோலை 0.001 என்று கொடுங்கள்.

நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒரு பாகம் சுழற்றப்படுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு. மோட்டாரை இயக்கியதும் ரோபோ நடுங்குகிறது, பறக்கிறது, அல்லது வெடித்துச் சிதறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எங்கிருந்தோ நகலெடுத்து 1.0 என்று போட்டிருப்பார்கள். 10 செ.மீ. பக்கமுள்ள, 1 கிலோ எடையுள்ள கனசதுரத்துக்கு உண்மையான மதிப்பு 0.0017 கிலோகிராம் சதுர மீட்டர் அளவுதான். அறுநூறு மடங்கு தவறான எண்ணோடு எந்த இயந்திரமும் சரியான விடை தராது. மூன்று முதன்மை மதிப்புகளில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடக் குறையக் கூடாது என்பது இயற்பியல் விதி. இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

மோதல் வடிவம். கண்ணுக்குக் காட்டும் மெஷ்ஷும் மோதலுக்கான வடிவமும் வேறு வேறாக இருக்கட்டும். சக்கரத்துக்கு உருளை, உடலுக்குப் பெட்டி. லட்சக்கணக்கான முக்கோணங்கள் உள்ள மெஷ்ஷை மோதலுக்குக் கொடுத்தால் சிமுலேஷன் ஊர்ந்து போகும், துல்லியமும் அதிகமாகாது.

மூடிய இணைப்பு. யூஆர்டிஎஃப் மரம்போல் கிளைக்கும் அமைப்பை மட்டுமே ஏற்கும். நான்கு தண்டு இணைப்பு, டெல்டா ரோபோ போன்ற மூடிய சங்கிலிகளை அதில் எழுத முடியாது. உங்கள் கிரிப்பரில் அப்படி இணைப்பு இருந்தால், கஸீபோவின் எஸ்டிஎஃப் அல்லது முஜோகோவின் சொந்த வடிவத்துக்குப் போக வேண்டியிருக்கும். இது தேர்வையே மாற்றிவிடக்கூடிய விஷயம், அதனால்தான் முன்கூட்டியே சோதிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக நேரப்படி, அதாவது சிமுலேட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னேறிக் கணக்கிடுகிறது என்பது. கஸீபோவில் வழக்கமாக 1 மில்லிநொடி, முஜோகோவில் 2, வெபாட்ஸில் 32. உங்கள் கட்டுப்பாட்டு நிரல் நொடிக்கு 1000 முறை ஓட வேண்டியது என்றால், 32 மில்லிநொடிப் படியில் அது என்ன செய்கிறது என்று தெரியவே தெரியாது. படியைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வேகமும் குறையும். உண்மை நேரத்தோடு ஒப்பிட்ட வேகம் திரையிலேயே தெரியும். அதைக் குறித்து வைத்து இரண்டு மென்பொருள்களையும் ஒப்பிடுங்கள்.

படி 7: அதே நிரல் உண்மை ரோபோவிலும் ஓடும்படி இணையுங்கள்

சிமுலேஷனுக்கு ஒரு நிரல், ரோபோவுக்கு ஒரு நிரல் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டால் சிமுலேஷனால் பயனே இல்லை. நீங்கள் சோதிப்பது ஒன்று, ஓட்டப்போவது வேறொன்று. ராஸ் 2-இல் ராஸ்2 கன்ட்ரோல் என்ற கட்டமைப்பு இதற்கென்றே இருக்கிறது: மேலே உள்ள கட்டுப்பாட்டு நிரல் மாறாமல் இருக்க, கீழே வன்பொருள் இணைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ராஸ் இல்லாவிட்டாலும் இதே பிரிவை நீங்களே எழுதுங்கள். மோட்டாருக்கு வேகம் சொல்ல ஒரு செயற்கூறு, சென்சாரைப் படிக்க ஒரு செயற்கூறு, மற்ற எதற்கும் உள்ளே இருப்பது சிமுலேட்டரா நிஜமா என்று தெரியக் கூடாது.

இங்கே நேரம் ஒரு வம்பு. சிமுலேட்டருக்கு அதன் சொந்தக் கடிகாரம் உண்டு. ராஸ் நிரல்களில் சிமுலேஷன் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் அமைப்பை எல்லா நிரல்களிலும் ஒரே மாதிரி இயக்குங்கள். ஒன்றில் விட்டுப்போனாலும் செய்திகள் "பழையவை" என்று தூக்கி எறியப்பட்டு, ரோபோ காரணமே தெரியாமல் அசையாமல் நிற்கும்.

மேம்பாட்டுக் கருவிகளில் அதிகம் யோசிக்க வேண்டாம். விஎஸ் கோட், மைக்ரோகன்ட்ரோலருக்கு பிளாட்ஃபார்ம்ஐஓ, பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு கிட். சூழலைப் பூட்டி வைக்க டாக்கர் நல்லது. ஆறு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு வந்து எல்லாவற்றையும் உடைக்கும்போது அதன் அருமை தெரியும். தரவைப் பதிவுசெய்ய ராஸ்பேக், வரைபடமாகப் பார்க்க பிளாட்ஜக்லர். திரை இல்லாமல் சிமுலேஷன் ஓடுமா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அது ஓடினால், நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் சோதனைகளைத் தானாக ஓட விடலாம்.

படி 8: உண்மையிலிருந்து எண்களை எடுத்து உள்ளே போடுங்கள்

சிமுலேஷனில் கச்சிதமாக ஓடியது தரையில் தள்ளாடுவது வழக்கம். காரணங்கள் மர்மமானவை அல்ல: மோட்டார் கட்டளையை ஏற்கத் தாமதிக்கிறது, கியரில் இடைவெளி ஆடுகிறது, பேட்டரி இறங்க இறங்க வேகம் குறைகிறது, லைடார் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. சிமுலேட்டரில் இவை இயல்பாகவே கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

ரோபோ முழுதாகத் தயாராகும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு மோட்டாரை மேசையில் பொருத்தி, திடீரென்று ஒரு வேகக் கட்டளை கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் எப்படி அந்த வேகத்தை எட்டுகிறது என்று பதிவுசெய்யுங்கள். அதே கட்டளையைச் சிமுலேஷன் மோட்டாருக்கும் கொடுத்து, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். தாமதத்தையும் தணிப்பையும் (அசைவை அடக்கும் எதிர்ப்பு) சரிசெய்து கோடுகளை நெருங்க வையுங்கள். ஒரு மதியத்தில் முடியும் இந்த வேலை, எந்தச் சிமுலேட்டர் என்ற கேள்வியைவிட அதிகப் பலன் தரும்.

துல்லியமாக அளக்க முடியாதவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. உராய்வு, நிறை, ஒளி, தாமதம் ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் எல்லைக்குள் மாற்றி மாற்றி ஓட்டுவது. 2019-இல் ஓப்பன்ஏஐ ரூபிக் கனசதுரத்தைக் கையாளும் ரோபோக் கையைச் சிமுலேஷனிலேயே பயிற்றுவித்தது இந்த வழியில்தான். வலுவூட்டல் கற்றல் செய்யாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளலாம்: உராய்வை 0.3-இலிருந்து 0.9 வரை மாற்றி உங்கள் சாதாரணக் கட்டுப்பாட்டு நிரலையே ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணில் அது விழுகிறது என்று தெரிந்தால், எந்தத் தரையில் ரோபோவை விடக் கூடாது என்றும் தெரிந்துவிடும்.

இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்த பிறகும் சிமுலேஷன் கோடும் உண்மைக் கோடும் சேரவில்லை, எந்த எண்ணைத் திருத்தினாலும் நெருங்கவில்லை என்றால், அப்போதுதான் மென்பொருளை மாற்ற நியாயமான காரணம் கிடைக்கிறது. படி 6-இல் ஒதுக்கி வைத்த இரண்டாவது மென்பொருளில் அதே மோட்டார்ச் சோதனையை ஓட்டுங்கள். கட்டுப்பாட்டு நிரலைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால், மாறுவதற்குச் சில நாள்கள் போதும்.